பொருளை ரசிப்பதும் கையை மதிப்பதும்



டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். அதையொட்டி நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த இலக்கிய அமைப்பின் தோழர்களுக்கு நன்றி. என்ன பேசப் போகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார்கள். அவசரமில்லாமல் ஊர் ஊராகப் போய், அன்றாடம் புழங்கும் கைவினைப் பொருட்களைப் பார்த்து ரசிப்பது பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தோழர், சுற்றுலாத் துறைப் பேச்சு மாதிரி இருக்கே" என்றார் ஒருவர்.

அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. ரசனை, பயணம், கைவினை மூன்றுமே வயிறு நிறைந்தவர்களின் சொற்களாகத்தான் நம் காதில் விழுந்திருக்கின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள். முறம், கூடை, துடைப்பம், பாய், பானை, செருப்பு, பறை இவற்றில் பெரும்பகுதி யாருடைய கையிலிருந்து வந்தது? நம் கையிலிருந்தும், நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட நம் பக்கத்துத் தெருக்காரர்களின் கையிலிருந்தும் வந்தது. பொருள் வீட்டுக்குள் போகலாம், அதைச் செய்தவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற விதியோடுதான் இந்த நாட்டில் கைவினை வளர்ந்திருக்கிறது. அந்த விதியைத் தொடாமல் பொருளை மட்டும் தடவிப் பார்க்கிற ரசனை பாதி ரசனை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் பயணத்தைப் பேசிவிடலாம். மெதுவான பயணம் என்பது இப்போது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. நான்கு நாளில் எட்டு இடம் பார்த்து அலுத்துப்போனவர்கள், ஒரே ஊரில் தங்கி, டவுன் பஸ்ஸில் ஏறி, சந்தையில் சாப்பிட்டு, உள்ளூர் மனிதர்களோடு பேசிவிட்டு வருகிறார்கள். நல்ல காரியம்தான். நம்மவர்களுக்கும் மெதுவான பயணம் பழக்கம் உண்டு. ஆனால் அதை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் நாம் படிக்கிற சிறு நூலில், 1901இல் தானும் மற்றப் பிள்ளைகளும் செய்த ஒரு பயணத்தை அம்பேத்கர் சொல்கிறார். சதாராவிலிருந்து, கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். மசூர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். நல்ல உடுப்புப் போட்ட பிள்ளைகளாக இருக்கிறார்களே என்று விசாரித்த நிலைய அதிகாரி, மகர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறி விலகிப் போகிறார். வண்டி நிறைய நிற்கிறது, ஏற்றிக்கொள்ள ஆளில்லை. கடைசியில் ஒருவர் சம்மதிக்கிறார். கூலி இரட்டிப்பு, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் அன்று இரவு பட்டினியோடு படுக்கிறார்கள். அந்தக் காலத்து மாட்டுவண்டிப் பயணத்தைப் போல மெதுவான பயணம் வேறென்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பிள்ளைகள் வழியில் எதை ரசித்திருக்க முடியும்?

நம் பக்கமும் கதை வேறல்ல. பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் பொது இடங்களிலும் எல்லோரும் புழங்கலாம் என்று அறிவிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. 1924இல் அதைக் கொண்டுவந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் போட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள் நாம். ஆகவே ஒரு தலித் பெண் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, யாருக்கும் வேலை செய்யப் போகாமல், சாவுச் சேதி சொல்லப் போகாமல், பார்ப்பதற்காக மட்டுமே ஓர் ஊருக்குப் போகிறாள் என்றால் அது சின்ன விஷயமில்லை. நாம் போக வேண்டும், நிறையப் போக வேண்டும்.

போகும்போது ஒன்று நடக்கும். உள்ளூர் மக்களோடு பேசுங்கள் என்று பயணக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். பேசினால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி, "ஊர்ல எந்தத் தெரு?" அந்த இரண்டாவது கேள்விக்கு எந்தப் பயண நூலிலும் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். வேகமாகப் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வி வருவதற்குள் பஸ் வந்துவிடும். மெதுவாகப் போகிற நமக்கு அது வந்தே தீரும். நான் என் தெருவின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு திண்ணையில் இடம் கிடைக்கிறதா, தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வருகிறது என்பதும் அந்த ஊரைப் பற்றிய செய்திதான். சமூகவியல் வகுப்பில் கள ஆய்வு என்று எதைப் படித்தேனோ, அதன் முதல் பாடம் அங்கே நடக்கிறது.

இனி பொருளுக்கு வருகிறேன். எனக்குப் பழக்கமான ஒரு வழித்தடத்தைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். காரில் போனால் ஒரு மணி நேரம். டவுன் பஸ்ஸில் பத்தமடையில் இறங்கி, மறுபடி பஸ் பிடித்துச் சேரன்மகாதேவி போய், அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று இறங்கி ஏறிப் போனால் இரண்டு நாள் போதாது. பத்தமடையில் பாய், காருக்குறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் தறி, அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு. ஓர் ஆறும் அதன் கால்வாய்களும் இத்தனை கைகளுக்கு வேலை கொடுத்திருக்கின்றன.

பத்தமடைப் பாய் என்றதும் எலிசபெத் ராணிக்குப் பாய் போன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ராணியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், நெய்தவரின் பெயரைச் சொல்வாரில்லை. அங்கே பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காய வைக்கிறார்கள். பட்டுப்பாய்க்கு அது போதாது. கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். உப்பி வந்த பிறகு எடுத்துக் காய வைத்து, மறுபடி மயிரிழையாகக் கிழிக்க வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். பிறகு பாவு கட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாகக் கோத்து இறுக்க வேண்டும். சாதாரணப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கவுண்ட் கணக்கில் சொல்கிறார்கள். நூறும் அதற்கு மேலும் போகிற பாயைக் கையில் எடுத்தால் துணியைப் போல மடங்கும். மணமக்களின் பெயரை அதிலேயே நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயும் உண்டு.

அங்கே ஓர் அக்காவிடம் பாய் அழகாக இருக்கிறது என்றேன். "படம் புடிக்க வாரவுங்க எல்லாம் பாய் முடிஞ்ச பெறவுதான் வாராங்க. கோரை கிழிக்கையில ஒருத்தரையும் காணோம்" என்றார். கோரை கிழிக்கிறவரின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சின் பொருள் தெரியும். மெதுவான பயணத்தால் கிடைக்கிற லாபம் இதுதான். முடிந்த பொருளை மட்டும் காட்டுகிற கடை அலமாரியைத் தாண்டி, பொருள் உருவாகிற வரிசையைப் பார்க்க முடிகிறது. யார் அறுக்கிறார், யார் கிழிக்கிறார், யார் நெய்கிறார், யார் விற்கிறார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு போகிறது என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரியவராது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் தெரியவரும்.

அந்த ஆற்றைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் நகர முடியாது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலமாகப் போனவர்களில், ஒரு குழந்தை உட்பட 17 பேர் போலீஸ் தடியடியின்போது இந்தத் தாமிரபரணியில் செத்துப் போனார்கள். மாஞ்சோலை இருப்பது அம்பாசமுத்திரத்துக்கு மேலே தெரிகிற அதே மலையில்தான். கோரை ஊறிய ஆறு, பானைக்கு மண் கொடுத்த ஆறு, அந்த 17 பேரையும் ஏந்திய ஆறு, மூன்றும் ஒன்றே. அழகை ரசிக்கப் போகிறவர் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும். தெரிந்துகொண்டால் அழகு குறைந்துவிடாது.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். பாயும் தறியும் பானையும் ஊருக்குள் ஓரளவு மரியாதை பெற்ற பொருட்கள். செய்தவருக்கும் கைவினைஞர் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. முறமும் கூடையும் துடைப்பமும் செய்கிறவருக்கு அந்தப் பெயர் எளிதில் கிடைப்பதில்லை. தோல் பதனிடுகிறவருக்குக் கிடைப்பதே இல்லை. பொன்னைத் தொட்ட கை, கல்லைத் தொட்ட கை, மரத்தைத் தொட்ட கை, மண்ணைத் தொட்ட கை, மூங்கிலைத் தொட்ட கை, தோலைத் தொட்ட கை என்று இறங்கிக்கொண்டே போகிற ஒரு படிக்கட்டு இருக்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னாரே, அதைப் பொருட்களின் மீதே எழுதி வைத்திருக்கிறார்கள். திறமைக்கும் இந்தப் படிக்கட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஒரு முறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் அகன்று, பின்பக்கம் மெல்ல எழும்பிக் குழிந்திருக்கிறது. அந்தக் குழிவில்தான் விஷயமே இருக்கிறது. குழிவு கூடினால் உமி போகாது, குறைந்தால் அரிசி தரையில் கொட்டும். மூங்கிலைச் சீவிய பிளாச்சின் கனம் ஒரே சீராக இல்லையென்றால் முறம் ஒரு பக்கம் இழுக்கும். புதுமுறம் வாங்கினால் சாணமோ ஊறவைத்து அரைத்த வெந்தயமோ பூசிக் காய வைத்து இடைவெளியை அடைப்பார்கள். பிறகு அந்த ஒரே முறத்தை வைத்து நம் பெண்கள் எத்தனை வேலை செய்தார்கள்! புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நேம்புதல், நாவுதல். இந்த ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிக் கையசைவு உண்டு. தமிழின் சொல்வளம் என்று மேடைகளில் பெருமைப்படுகிறோம். இந்தச் சொற்கள் பிறக்கக் காரணமான வளைவைக் கண்டுபிடித்தவரை எந்த மேடையில் ஏற்றியிருக்கிறோம்?

ஒரு சந்தையில் முறம் விற்ற பாட்டி என்னிடம் சொன்னார். காசை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டாம். அவர் கை பட்டுப் பின்னிய முறத்தில்தான் அவர்கள் வீட்டு அரிசியைப் புடைக்கிறார்கள். தீண்டாமைக்குத் தர்க்கம் இருந்திருந்தால் அது அந்த முறத்திலேயே செத்திருக்க வேண்டும்.

தோலிலும் இதே கதைதான். பம்புசெட் வருவதற்கு முன்பு கிணற்றுப் பாசனம் கமலையை நம்பியிருந்தது. மாடு வடத்தை இழுக்க, சால் தண்ணீரோடு மேலே வரும். சாலின் அடியில் தைத்த தோல்தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தும்பியைத் தைத்தவர்கள் அருந்ததியர். ஒரு சொட்டு ஒழுகாமல் தைக்க வேண்டும், நாள் முழுக்க ஊறினாலும் அழுகாத தோலாகப் பதனிட வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றின் அளவும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். நாம் இதை வேதியியல் என்று சொல்வதில்லை, இழிதொழில் என்று சொல்லிவிட்டோம். கொங்கு நாட்டில் கமலை இறைத்த தோட்டங்களில் விளைந்தது அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீரில். தைத்தவர்கள் மட்டும் அந்தக் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது.

சபாக்களில் ஒலிக்கும் மிருதங்கத்துக்கும் இது பொருந்தும். பலாக்கட்டையைக் குடைந்த உடலில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்கிறது. இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். வலந்தலையின் நடுவே கரணை வைத்து, தட்டிப் பார்த்துத் தேய்த்து, மறுபடி தட்டிப் பார்த்துச் சுருதி கூட்டுகிற காது, தோலைத் தேர்ந்தெடுக்கிற கைக்காரருக்கும் வேண்டும். அந்தக் கைக்காரர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களுடைய வரலாற்றை டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். அதன் வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன சென்னைக் கலை நிறுவனம் ஒன்று கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வேறோர் அரங்கில் விழா நடந்தது. நாதத்தை ரசிக்கலாம், தோலைப் பற்றிப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். நெசவு நமக்குச் சம்பந்தமில்லாத தொழில் என்று பலரும் நினைக்கிறார்கள். பறையர்களில் கோலியர் என்ற நெசவுப் பிரிவினர் உண்டு. எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுகளுக்கு முன்பு அவர்களைப் பற்றிக் குறித்திருக்கிறார். இன்றும் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் கோலியன் என்ற பெயர் இருக்கிறது. பறை அடிப்பதும் செத்த மாடு தூக்குவதும்தான் நம் 'பாரம்பரியம்' என்று யாராவது சொன்னால், எங்கள் தறியை என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

நம் பொருள் புகழ் பெறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு மராட்டியத்திலிருந்து அண்மை உதாரணம் ஒன்று. 2025 ஜூனில் மிலான் நகரில் நடந்த ஆடையலங்கார விழாவில் பிராடா நிறுவனம் கோலாப்பூரி செருப்பைப் போலவே இருந்த செருப்பைக் காட்டியது. எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு இந்தியக் கைவினையின் தாக்கம் என்று ஒத்துக்கொண்டது. நாடே கொதித்தது. இந்தியாவின் மரபைத் திருடிவிட்டார்கள் என்றார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் சாம்பார், டோர், சமகார் என்ற பெயர்கள் எத்தனை பேர் வாயில் வந்தன? கோலாப்பூரி செருப்பில் ஆணி இருக்காது, தோல்வாராலேயே தைப்பார்கள். அதன் சடைப் பின்னலைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மராட்டியத்தில் நான்கு மாவட்டங்கள், கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்கள் என எட்டு மாவட்டங்களுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரிலேயே புவி இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் பதிவாகிறது, செய்தவரின் தெரு பதிவாவதில்லை.

இந்தச் செருப்புக்கு ஆதரவு தந்தவர் என்று கோலாப்பூரில் சாகு மகாராஜாவைச் சொல்வார்கள். 1902இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்தவர், 1920 மாங்காவ் மாநாட்டில் அம்பேத்கரோடு ஒரே மேடையில் நின்றவர் அவர். கங்காராம் காம்ப்ளே என்ற தலித் தோழர் தேநீர்க் கடை வைக்க உதவி செய்து, தானே அங்கே போய்த் தேநீர் குடித்தார். பொருளையும் கையையும் சேர்த்து மதிப்பது எப்படி என்பதற்கு அந்தத் தேநீரே போதும்.

சரி, இந்தத் தொழில்களை இவ்வளவு புகழ்கிறாயே, அப்படியானால் நம் பிள்ளைகள் இதையே செய்யட்டும் என்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். கைவினையைப் புகழ்கிற பேச்சின் முதுகில் எப்போதும் ஒரு கயிறு ஒளிந்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் அது போயிற்று. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. 18 வயது என்பது கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள், வயது 35 முதல். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம்.

விஸ்வகர்மா பட்டியலில் ஒரு சின்ன விவரத்தையும் கவனியுங்கள். பொற்கொல்லருக்குத் தனி இடம். கூடை, பாய், துடைப்பம், கயிறு நான்குக்கும் சேர்த்து ஓர் இடம். நான் சொன்ன படிக்கட்டு அரசாங்கத் தாளிலும் இருக்கிறது.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். அந்த அடுக்கிலிருந்து இறங்கி வர நம்மவர்கள் இரண்டு வழியில் போராடினார்கள். ஐயா எல்.இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பறை அடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று மக்களைத் திரட்டினார். அந்த மறுப்பால் வந்த அடியையும் பட்டினியையும் சனங்கள் தாங்கினார்கள். பின்னால் வந்த தலைமுறை அதே பறையைக் கையில் எடுத்து, சாவு வீட்டு வாசலில் கூலிக்கு அடிக்காமல் விடுதலை மேடையில் அடித்தது. பெண்கள் எடுத்தார்கள், மற்றச் சாதிப் பிள்ளைகளும் வந்து கற்றார்கள். 2025இல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முதல் தலைமுறை செய்ததற்கு இரண்டாம் தலைமுறை எதிரானது என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மறுக்கும் உரிமை கிடைத்த பிறகுதான் எடுக்கும் உரிமைக்குப் பொருள் வருகிறது. அடித்தே ஆக வேண்டும் என்றிருந்தவரை அது சாட்டை, அடிக்காமலும் இருக்கலாம் என்று ஆனபோது கலையாயிற்று.

கைவினை எல்லாவற்றுக்கும் இதையே அளவுகோலாக வைக்கச் சொல்கிறேன். எந்தச் சாதிக்காரரும் உள்ளே வந்து கற்கலாம், எந்தப் பிள்ளையும் பசியில்லாமல் வெளியே போகலாம். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். வெளியே போகும் கதவைப் பூட்டிவிட்டு மரபைக் காப்பாற்றுகிறோம் என்றால், காப்பாற்றுவது சாதியைத்தான். முறம் பின்னுகிறவரின் மகள் மருத்துவராகலாம். மருத்துவரின் மகள் முறம் பின்னக் கற்கலாம். முதலாவது இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கிறது. இரண்டாவது நடக்கும் நாளில் முறத்தின் விலையும் மாறியிருக்கும்.

விலை என்றதும் மூலப்பொருளையும் பேச வேண்டும். மூங்கில் தாவரவியலில் ஒரு புல். 1927ஆம் ஆண்டு வனச்சட்டம் அதை மரம் என்று எழுதியது. வெட்டவும் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று வனவாழ் மக்களுக்கு உரிமை தந்தது. 2017இல், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக்கணக்கிலிருந்து எடுத்தார்கள். 90 ஆண்டுகள் கழித்துப் புல் புல்லாயிற்று. ஆனால் காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்க்க நிலம் வேண்டுமே! கூடை பின்னுகிறவருக்கு நிலம் எங்கே இருக்கிறது? பஞ்சமி நிலம் கேட்டுப் போராடுகிற தோழர்கள் நெல்லையும் வாழையையும் பற்றிப் பேசுவதோடு ஊருக்கு ஒரு மூங்கில் தோப்பையும் சேர்த்துக் கேட்கலாம். முசிறி, கரூர்ப் பக்கம் காவிரிக் கரையில் கோரையைப் பயிராகவே வளர்க்கிறார்கள். குளத்து மண்ணும் ஆற்றங்கரைக் கோரையும் புறம்போக்கு மூங்கிலும் கைவினையின் அடித்தளம். குளம் மனைப்பிரிவாக மாறிவிட்டால் கண்காட்சி நடத்திப் பானையைக் காப்பாற்ற முடியாது.

இனி, போகிறவர்கள் எப்படிப் போகலாம் என்று சில வார்த்தைகள். திருவிழா நாளிலும் கண்காட்சி நாளிலும் போகாமல் வேலை நாளில் போங்கள். போனதும் விலையைக் கேட்காதீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். நாளைக் கேட்ட பிறகு விலையைக் கேட்டால் பேரம் பேச வாய் வராது. அலங்காரத்துக்கு வைக்கிற குட்டி முறத்தை வாங்காமல், வீட்டில் புழங்குகிற முறத்தை வாங்குங்கள். காசைக் கையில் கொடுங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்தால் பொருளோடு ஆளும் இருக்கட்டும், அவர் சம்மதித்தால் பெயரும் இருக்கட்டும். அவருடைய பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். அந்தப் பதிலில் அந்தத் தொழிலின் நிலைமை பாதி தெரிந்துவிடும்.

இங்கே எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தும்பி, வார், கரணை, பிளாச்சு, பாவு, நேம்புதல் போன்ற சொற்களை நம் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் இன்னும் வைத்திருக்கிறார்கள். பறைக்கட்டைக்கு வேம்பு ஏன், தோலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை ஏன், எவ்வளவு நேரம் தீயில் காய்ச்ச வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வலியை எழுதினோம், எழுதத்தான் வேண்டும். அதோடு அறிவையும் எழுதுவோம். நம் கதைகளில் வரும் அப்பா அடிபட்டவராக மட்டும் இல்லாமல், தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவராகவும் வரட்டும். இந்த அமைப்பே ஆண்டுக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, சொற்களையும் செய்முறையையும் செய்தவர்களின் பெயர்களையும் அவர்கள் சம்மதத்தோடு தொகுத்துச் சிறு நூலாகப் போடலாம். பெரிய செலவில்லை. பஸ் கட்டணமும் பொறுமையும் போதும்.

மசூர் நிலையத்தில் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு வண்டி கிடைக்க இரட்டைக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. நமக்கு இன்று டவுன் பஸ்ஸில் இடம் கிடைக்கிறது. பெண்களுக்குக் கட்டணம்கூட இல்லை. அந்த இடத்தை வாங்கித் தந்தவரின் நினைவு நாளில் நாம் கூடியிருக்கிறோம். ஆகவே போவோம். எந்தத் தெரு என்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு, நம்முடைய கேள்வியைக் கேட்போம்: இதைச் செய்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது?